நடுவில் ஒருவர் இருக்க வேண்டும்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், ராக்கி மலைப் பகுதியில், 1991-ஆம் ஆண்டு ஒரு பெண் ஓநாயின் கழுத்தில் ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் பட்டை ஒன்றை மாட்டினார்கள். பிளூயி என்று பெயரிடப்பட்ட அந்த ஓநாய், அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஒரு லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் கூடுதலான பரப்பில் நடந்து, இரண்டு நாடுகளையும் பல மாகாணங்களையும் மாநிலங்களையும் கடந்து சென்றது. அது கடந்த ஒவ்வொரு எல்லைக்கும் தனியாக ஒரு நிர்வாகமும், தனியாக ஒரு வேட்டைச் சட்டமும் இருந்தன. ஒரு பூங்காவுக்குள் முழுப் பாதுகாப்பில் இருந்த விலங்கு, ஒரு மலைமுகட்டைத் தாண்டிய மறுநொடியே சுடத்தக்க விலங்காக மாறியது. 1995-இல் பூங்காவுக்கு வெளியே அது சுட்டுக் கொல்லப்பட்டது. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவிலிருந்து கனடாவின் வடமேற்கில் உள்ள யூக்கான் வரை, ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர் நீளமுள்ள மலைத்தொடரை ஒரே நிலப்பரப்பாகக் கருதிக் காக்க வேண்டும் என்ற எண்ணம் 1993-இல் உருவானதற்கும் பின்னர் வலுப்பட்டதற்கும் இந்த ஓநாயின் பயணம் ஒரு முக்கியக் காரணம்.

நிலப்பரப்பு அளவிலான பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கதையோடு நின்றுவிடுகிறார்கள். விலங்குக்கு எல்லை தெரியாது, ஆகவே எல்லைகளைத் தாண்டி ஒத்துழைக்க வேண்டும் என்பதில் இன்று யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த ஒத்துழைப்பை இருபது, முப்பது ஆண்டுகள் தொய்வில்லாமல் நடத்திக்கொண்டு போவது யார், அவருக்குச் சம்பளம் தருவது யார், அவர் தயாரிக்கும் வரைபடத்தை மதித்து நடப்பது யார் என்ற கேள்விகளில்தான் இந்த முயற்சிகள் பிழைக்கின்றன அல்லது மடிகின்றன. பல ஆண்டுகளாக இந்தத் துறையைக் கவனித்து வருகிற எனக்கு, அறிவியலை விடவும் நல்லெண்ணத்தை விடவும் இந்த நிர்வாகக் கேள்விகளே முதன்மையானவையாகத் தோன்றுகின்றன. ஆகவே இந்தப் பதிவு பெரும்பாலும் அவற்றைப் பற்றியதாகவே இருக்கும்.

காலநிலை மாற்றம் இந்தக் கேள்விகளை ஏன் அவசரமாக்குகிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ‘சயின்ஸ்’ இதழில் 2011-இல் வெளியான ஓர் ஆய்வு, பல வகை உயிரினங்களைப் பற்றிய பதிவுகளைத் தொகுத்துப் பார்த்தது. அவை பத்தாண்டுக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் வீதம் துருவங்களை நோக்கியும், ஏறத்தாழ 11 மீட்டர் வீதம் மலைமேல் உயரத்தை நோக்கியும் நகர்ந்து வருவதாக அது மதிப்பிட்டது. இவை இடைநிலை மதிப்புகள்தான். சில உயிரினங்கள் இதைவிட வேகமாக நகர்கின்றன, சில நகரவே இல்லை, சில எதிர்த்திசையில் போகின்றன. ஆயினும் பொதுப்போக்கு தெளிவாகவே இருக்கிறது. ஓர் உயிரினத்தைக் காக்கவென்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எல்லை வரையப்பட்ட பூங்காவில் அந்த எல்லை அப்படியே இருக்கிறது, உயிரினமோ வெளியேறிக்கொண்டிருக்கிறது. அது போய்ச் சேரும் இடம் வேறொரு துறையின் காடாகவோ, தனியாரின் மேய்ச்சல் நிலமாகவோ, அடுத்த நாட்டின் ஆற்றங்கரையாகவோ இருக்கக்கூடும். பூங்காவின் மேலாளர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், தன் வேலிக்கு வெளியே அவரால் ஒரு மரத்தைக்கூட நட முடியாது.

இதை உணர்ந்து பெரிய அளவில் எடுக்கப்பட்ட முயற்சிகளில் ஒன்று அமெரிக்காவில் நடந்தது. அரசு நிலங்களையும் வனவிலங்குகளையும் கவனிக்கும் அந்நாட்டின் உள்துறை 2009-இல் வெளியிட்ட ஓர் ஆணையின் தொடர்ச்சியாக, நிலப்பரப்புப் பாதுகாப்புக் கூட்டுறவுகள் என்ற பெயரில் 22 அமைப்புகள் தொடங்கப்பட்டன. அவற்றின் எல்லைகள் மாநில எல்லைகளைப் பின்பற்றாமல், புல்வெளி, பாலைவனம், கடற்கரைச் சமவெளி என்று நிலத்தின் இயல்பைப் பின்பற்றி வகுக்கப்பட்டன. சில கனடாவுக்குள்ளும் மெக்சிகோவுக்குள்ளும் நீண்டன. ஒவ்வொன்றிலும் மத்திய அரசின் துறைகளும், மாநில வனவிலங்குத் துறைகளும், பழங்குடி அரசுகளும், தன்னார்வ அமைப்புகளும் ஒரே குழுவில் அமர்ந்தன. யாருக்கும் ஆணையிடும் அதிகாரம் அந்தக் குழுவுக்கு இல்லை. ஓர் ஒருங்கிணைப்பாளரும், ஓர் அறிவியலாளரும், வரைபடத் தரவுகளைக் கையாளும் ஓரிருவரும் அடங்கிய சிறு அலுவலகம் மட்டுமே அதற்கென்று இருந்தது.

அந்தச் சிறு அலுவலகம் என்ன செய்தது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது வெறும் கூட்டம் கூட்டும் வேலையாகத் தோன்றிவிடும். இரண்டு அண்டை மாநிலங்களின் தாவர வரைபடங்களைக் கணினித் திரையில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் பொருத்தினால், மாநில எல்லையில் கத்தியால் அறுத்தது போல நேர்க்கோடு ஒன்று தெரியும். ஒரு மாநிலம் ஒரு காட்டை எட்டு வகையாகப் பிரித்திருக்கும், மற்றொன்று மூன்று வகையாகப் பிரித்திருக்கும். ஒன்று ‘திறந்த வனம்’ என்று குறித்ததை மற்றது ‘புதர்க்காடு’ என்று குறித்திருக்கும். ஒன்றின் கணக்கெடுப்பு சென்ற ஆண்டினதாகவும் மற்றதன் கணக்கெடுப்பு இருபது ஆண்டுப் பழையதாகவும் இருக்கும். நிலத்தில் அப்படி ஒரு கோடு கிடையாது, காடு தொடர்ந்தே செல்கிறது. ஆனால் ஒரு விலங்கு எந்த வழியாக நகரும் என்று கணிக்கும் மென்பொருளுக்கு அந்தப் பொய்க்கோடு ஒரு சுவராகிவிடுகிறது. அந்தச் சுவரை நீக்க, இரண்டு துறைகளின் அலுவலர்களையும் உட்கார வைத்து, ஒவ்வொரு வகையாக எடுத்து, இது உங்கள் பட்டியலில் எது, அது இவர்கள் பட்டியலில் எது என்று மாதக்கணக்கில் ஒப்பிட வேண்டும். எந்தத் துறைக்கும் இது சொந்த வேலை அன்று. எந்தத் துறையின் ஆண்டறிக்கையிலும் இது ஒரு சாதனையாக இடம்பெறாது. இதற்கென்று நியமிக்கப்பட்ட ஒருவர் நடுவில் இல்லாவிட்டால் இது நடக்கவே நடக்காது.

அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் இந்தக் கூட்டுறவுகளை ஆய்வு செய்து, நிலப்பரப்பு அளவிலான அணுகுமுறை நாட்டுக்குத் தேவையானதே என்று கூறின. இருந்தும் 2017-இல் வந்த புதிய நிர்வாகத்தின் வரவு செலவுத் திட்டத்தில் இவற்றுக்கான நிதியை முற்றிலும் நிறுத்த முன்மொழியப்பட்டது. அதன்பின் ஓரிரு ஆண்டுகளுக்குள் பெரும்பாலானவை கலைந்தன. இணையத்தளங்கள் மூடப்பட்டன, ஊழியர்கள் வேறு பணிகளுக்கு மாற்றப்பட்டார்கள், ஆண்டுக்கணக்கில் சேர்த்த தரவுகள் அங்கும் இங்குமாகச் சிதறின. இதை எழுதும்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நம்பிக்கையை வளர்க்கப் பத்தாண்டுகள் ஆகும். அதைக் கலைக்க ஒரு நிதியாண்டு போதும்.

ஆனால் எல்லா இடங்களிலும் ஒரே முடிவு ஏற்படவில்லை, அதுதான் இந்தக் கதையில் நாம் கற்கக்கூடிய பகுதி. அந்நாட்டின் தென்கிழக்குப் பகுதியில், கூட்டுறவுகள் உயிரோடு இருந்தபோதே, 2011-இல், மாநில வனவிலங்குத் துறைகளின் தலைவர்களும் மத்திய அரசுத் துறைகளின் மண்டலத் தலைவர்களும் சேர்ந்து தென்கிழக்குப் பாதுகாப்புத் தகவமைப்பு உத்தி என்ற ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். அது 15 மாநிலங்களையும் கரீபியனில் உள்ள புவேர்ட்டோ ரிக்கோவையும் அமெரிக்க வெர்ஜின் தீவுகளையும் தழுவியது. எந்த நிலத்தைக் காத்தால் மிகுந்த பயன் என்று காட்டும் ஒரு பொது வரைபடம்தான் அதன் மையம். அது குறிப்பிட்ட கால இடைவெளியில் திருத்தப்பட்டு, யாரும் பார்த்துப் பயன்படுத்தும் வகையில் வெளியிடப்படுகிறது. 2060-க்குள் அப்பகுதியின் இயற்கை அமைப்புகளின் நலமும் இணைப்பும் பத்து சதவீதம் மேம்பட வேண்டும் என்று ஓர் இலக்கையும் வகுத்துக்கொண்டார்கள். கூட்டுறவுகளுக்கான நிதி நின்ற பிறகும் இந்த முயற்சி தொடர்ந்ததற்கு, மாநிலங்கள் அதைத் தலைநகரிலிருந்து வந்த திட்டமாகப் பார்க்காமல் தங்களுடையதாகப் பார்த்ததே காரணம் என்பது என் கணிப்பு. மேலிருந்து வரும் ஆணை ஒரு மேசையை வாங்கித் தரலாம். அதைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் அது தங்கள் மேசை என்று நினைத்தால்தான் அது நிலைக்கும்.

கூட்டு வேலை மரத்தின் உச்சி வரை எப்படிப் போய்ச் சேருகிறது என்பதற்கு யெல்லோஸ்டோன் பகுதியின் வெண்பட்டைப் பைன் மரத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. மலையுச்சிகளில் குளிரும் காற்றும் மிகுந்த இடங்களில் வளரும் இந்த மரத்தின் கொழுப்பு மிகுந்த விதைகள், கிரிஸ்லி கரடிகளுக்கும் கிளார்க்ஸ் நட்கிராக்கர் என்ற பறவைக்கும் முக்கிய உணவு. அந்தப் பறவை விதைகளை மண்ணில் புதைத்து வைத்துப் பின்னர் தோண்டி உண்கிறது. எடுக்காமல் விட்டவை முளைத்துத்தான் புதிய மரங்கள் உண்டாகின்றன. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பூஞ்சை நோய் இந்த மரங்களை நெடுங்காலமாகவே கொன்று வந்தது. அதற்குமேல், மரப்பட்டையைத் துளைத்து மரத்தைக் கொல்லும் பட்டை வண்டுகளின், முன்பெல்லாம் கடுங்குளிரில் மடிந்துபோன புழுக்கள், குளிர்காலம் மிதமானதால் உயரமான இடங்களிலும் பிழைக்கத் தொடங்கின. 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் மலைச்சரிவுகள் முழுவதும் செந்நிறமாகக் காய்ந்து நின்றன. 2022 டிசம்பரில் அமெரிக்க அரசு இந்த மரத்தை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகப் பட்டியலிட்டது.

யெல்லோஸ்டோன் பகுதியில் இந்த மரம் வளரும் பரப்பு இரண்டு தேசியப் பூங்காக்கள், பல தேசிய வனங்கள், வேறு அரசு நிலங்கள் எனப் பரவிக் கிடக்கிறது. நல்லவேளையாக, பூங்காத் துறையும் வனத்துறையும் 1964-லேயே யெல்லோஸ்டோன் பெரும்பகுதி ஒருங்கிணைப்புக் குழு என்ற ஒன்றை ஏற்படுத்தியிருந்தன. அதன் கீழ் இயங்கிய துணைக்குழு 2011-இல் இந்த மரத்துக்கென்று ஒரே உத்தியை வகுத்தது. அதன்பின் உள்ள வேலை முழுக்கக் கைவேலை. நோயைத் தாங்கி நிற்கும் மரங்களைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். கோடைத் தொடக்கத்தில் பணியாளர்கள் கயிறு கட்டி அம்மரங்களின் உச்சிக்கு ஏறி, காய்க்கும் கூம்புகளைக் கம்பிவலைக் கூண்டுகளால் மூடுகிறார்கள். இல்லாவிட்டால் பறவைகளும் அணில்களும் ஒரு விதைகூட மிச்சம் வைக்காது. இலையுதிர்காலத்தில் மறுபடியும் ஏறிக் கூம்புகளைப் பறித்து, விதைகளை நாற்றங்காலுக்கு அனுப்பி, நாற்றுகள் நோயைத் தாங்குகின்றனவா என்று சோதிக்கிறார்கள். விலைமதிப்பற்ற தாய்மரங்களின் அடிமரத்தில் சிறு பொட்டலம் ஒன்றைப் பொருத்துகிறார்கள். அதிலிருந்து கசியும் வெர்பனோன் என்ற வேதிப்பொருளின் மணம், இந்த மரத்தில் இடமில்லை என்று வண்டுகளுக்கு உணர்த்தி அவற்றை விலக்குகிறது. ஒரு வனத்தில் பறித்த விதை வேறொரு வனத்தின் எரிந்த சரிவில் ஊன்றப்படுகிறது. யாருடைய மரம், யாருடைய விதை என்று ஒவ்வொரு முறையும் கோப்பு எழுதிக்கொண்டிருந்தால் இவற்றில் எதுவும் உரிய காலத்தில் நடந்திருக்காது.

பொதுவாக அளப்பது என்பது இன்னொரு பெரும் வேலை. ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் அங்கோலா, போட்ஸ்வானா, நமீபியா, ஜாம்பியா, ஜிம்பாப்வே ஆகிய ஐந்து நாடுகள் 2011-இல் ஒப்பந்தம் செய்து உருவாக்கிய காவாங்கோ-சாம்பேசி எல்லை தாண்டிய பாதுகாப்புப் பகுதி ஏறத்தாழ 5,20,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அங்கே யானைகள் வறட்சிக்கும் மழைக்கும் ஏற்ப நாடு விட்டு நாடு செல்கின்றன. ஒவ்வொரு நாடும் தன் வசதிக்கேற்ற ஆண்டில், தன் முறையில் எண்ணிக்கொண்டிருந்தவரை, ஒரே யானை இரு நாட்டுக் கணக்கிலும் வந்திருக்கலாம். எந்தக் கணக்கிலும் வராமலும் போயிருக்கலாம். 2022-இல்தான் ஐந்து நாடுகளும் ஒரே பருவத்தில், ஒரே முறையில், வானிலிருந்து கணக்கெடுத்தன; ஏறத்தாழ 2,27,900 யானைகள் என்ற மதிப்பீடு 2023-இல் வெளியானது. அவற்றில் பாதிக்கும் மேல் போட்ஸ்வானாவில் இருந்தன. தந்த வணிகம், வேட்டை உரிமம், பயிர்ச்சேதம் ஆகியவற்றில் இந்த நாடுகளுக்குள் ஆழ்ந்த கருத்து வேறுபாடுகள் உண்டு. அவை தீர்ந்துவிடவில்லை. ஆனால் இனி எல்லோரும் ஒரே எண்ணை முன்வைத்துக்கொண்டு வாதிட முடியும் என்பதை நான் மிகப்பெரிய முன்னேற்றமாகவே மதிக்கிறேன்.

ஐரோப்பாவில் டென்மார்க், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய மூன்று நாடுகளும் வாடன் கடல் என்ற, ஓதத்தில் (கடல்நீர் நாள்தோறும் ஏறி வற்றுவதில்) சேற்றுவெளிகள் வெளிப்படும் ஆழமற்ற கடற்பரப்பைக் காக்க 1978 முதல் சேர்ந்து இயங்குகின்றன; 1987-இல் அதற்கென ஒரு பொதுச் செயலகம் அமைக்கப்பட்டது; 2014-இல் காலநிலை மாற்றத்துக்குத் தகவமையும் பொது உத்தியை ஏற்றுக்கொண்டார்கள். கடல்மட்டம் உயர உயர, ஓதச் சேற்றுவெளிகள் நீரில் அமிழாமல் இருக்க வேண்டுமானால் வண்டல் அதே வேகத்தில் வந்து படிய வேண்டும். கடலோட்டத்தோடு நகரும் அந்த வண்டல் எந்த நாட்டுக்கும் சொந்தம் அன்று. ஒரு நாடு தன் கரையைக் காக்கச் செய்யும் பணி அண்டை நாட்டின் சேற்றுவெளியையும், அதை நம்பி ஆண்டுதோறும் வந்திறங்கும் ஏறத்தாழ ஒரு கோடி வலசைப் பறவைகளையும் பாதிக்கக்கூடும். அரசுகள் மாறினாலும் செயலகம் மாறாமல் இருப்பதன் அருமை இங்கே தெரிகிறது.

துறைகளையும் நாடுகளையும் பற்றியே பேசிக்கொண்டு வந்துவிட்டேன். நிலத்தில் வாழ்கிறவர்கள் இல்லாமல் எந்தக் கூட்டமைப்பும் நிற்காது. அரிசோனா, நியூ மெக்சிகோ மாநிலங்கள் மெக்சிகோவைச் சந்திக்கும் மூலையில், மேய்ச்சல் நில உரிமையாளர்கள் 1994-இல் மால்பாய் எல்லைப்புறக் குழுவை அமைத்தார்கள். புல்வெளியில் இயல்பாக எழும் தீயை அரசு ஓடோடி வந்து அணைப்பதால் புதர் மண்டிப் புல் அழிகிறது என்பது அவர்களுடைய பெருங்குறை. நிலத்தைத் துண்டு போட்டு விற்பது பரவி வந்ததும் அவர்களைக் கவலைப்பட வைத்தது. வறட்சி வரும்போது சிறு உரிமையாளர் என்ன செய்வார்? மாடுகளை விற்பார், கடைசியில் நிலத்தையும் விற்பார். இதற்கு அவர்கள் கண்ட வழி புல் வங்கி. தன் நிலம் காய்ந்துபோன உரிமையாளர், பரந்த புல்வெளி கொண்ட ஒரு பெரும்பண்ணையில் தன் மாடுகளைச் சில காலம் மேய்த்துக்கொள்ளலாம். அதற்கு ஈடாக, தன் நிலத்தை மனைகளாகப் பிரிக்க மாட்டேன் என்று அந்த மேய்ச்சலின் மதிப்புக்கு இணையான நிரந்தர உரிமைக் கட்டுப்பாட்டை எழுதித் தர வேண்டும். அவருடைய நிலத்துக்கு ஓய்வும் கிடைக்கிறது, புல்லும் மீள்கிறது, நிலப்பரப்பும் துண்டாகாமல் இருக்கிறது. வறட்சிகள் நீண்டுவரும் காலத்தில் இதைவிடப் பொருத்தமான காலநிலைத் தகவமைப்பு இருக்கிறதா என்று பல முறை யோசித்திருக்கிறேன். அங்கே 1996-இல் ஒரு மேய்ச்சல்காரரின் கேமராவில் உயிருள்ள ஜாகுவார் ஒன்று பதிவானது. மெக்சிகோவிலிருந்து வடக்கே வந்த அந்த விலங்கைக் கண்டவர் சுடாமல் படம் எடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பழங்குடி மக்களின் ஒப்பந்தங்களுக்கும் இந்த வரலாற்றில் உரிய இடம் உண்டு. வட அமெரிக்கப் புல்வெளிகளுக்குப் பைசன் எருமைகளை மீட்டெடுக்க, அமெரிக்க-கனடா எல்லையின் இரு பக்கங்களிலும் உள்ள பழங்குடி அரசுகள் 2014-இல் தங்களுக்குள் எருமை ஒப்பந்தத்தைச் செய்துகொண்டன. எட்டு அரசுகளோடு தொடங்கிய அதில் பின்னர் மேலும் பல இணைந்தன. அந்த எல்லைக்கோடு வரையப்படுவதற்கு முன்பே அது அவர்களுக்கு ஒரே நிலம்.

இனி வரப்போகும் சிக்கல் இதுவரை பார்த்தவற்றைவிடக் கடினமானது. மாறிவரும் ஓர் இடத்தில் மாற்றத்தை எதிர்த்துப் பழையதைக் காப்பதா, மாற்றத்தை ஏற்று விலகி நிற்பதா, அல்லது நாமே தேர்ந்தெடுத்த புதிய நிலையை நோக்கி அதைத் திருப்புவதா என்று நில மேலாளர்கள் இப்போது மூன்று வழிகளாகப் பிரித்துப் பேசுகிறார்கள். ஒரே மலையின் இரு சரிவுகளை வைத்திருக்கும் இரண்டு துறைகள் எதிரெதிர் முடிவை எடுத்தால் இருவர் செலவும் வீணாகும். கீழ்ச்சரிவில் ஒருவர் காட்டைப் பழையபடி காக்கப் போராட, மேற்சரிவில் மற்றவர் வெப்பம் தாங்கும் வேறு மரங்களை நடக்கூடும். எங்கே எதிர்ப்பது, எங்கே ஏற்பது என்பதைச் சேர்ந்து முடிவு செய்யத்தான் கூட்டமைப்பு தேவை. ஆனால் எதையோ கைவிடுவதற்கு எல்லோரும் கையெழுத்துப் போடும் அந்தக் கூட்டம் எளிதாக இருக்காது. பல கூட்டமைப்புகள் அந்தப் பேச்சை இன்னும் தொடங்கவே இல்லை. இதில் அறிவியலாளர்கள் தந்திருக்கும் ஒரு வழி எனக்கு உதவியாகத் தோன்றுகிறது: உயிரினங்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் மண், பாறை, சரிவு, பள்ளம், நீரூற்று ஆகியவை மாறாமல் இருக்கின்றன, ஆகவே இவை பலவகையாகக் கலந்திருக்கும் இடங்களையும் அவற்றுக்கிடையே உள்ள இணைப்புகளையும் காத்தால், நாளை எந்த உயிரினம் வந்தாலும் அதற்கு இடம் இருக்கும். நாடகத்தின் பாத்திரங்கள் மாறினாலும் மேடையைக் காப்பது என்று இதைச் சொல்லலாம். எந்த உயிரினம் முக்கியம் என்று முடிவில்லாமல் வாதிடும் குழுக்கள்கூட, எந்தப் பள்ளத்தாக்கு குளிர்ச்சியாக இருக்கிறது என்பதில் சீக்கிரம் உடன்படுகின்றன.

எல்லாவற்றையும் பார்த்த பிறகு, பணத்தைப் பற்றி எனக்கு ஓர் உறுதியான கருத்து உருவாகியிருக்கிறது. ஆண்டுதோறும் ஒரு அரசின் வரவு செலவுத் திட்டத்தில் உயிர்ப்பிச்சை கேட்கும் நிலையில் நடுவில் இருப்பவரின் பதவியை வைக்கக் கூடாது. கனடாவின் மேற்குக் கரையில் உள்ள கிரேட் பேர் மழைக்காட்டில் இது வேறு விதமாக நடந்தது. ஏறத்தாழ 64 லட்சம் ஹெக்டேர் பரப்புள்ள அந்தக் காட்டைப் பற்றிப் பழங்குடி அரசுகள், மாகாண அரசு, மரத்தொழில் நிறுவனங்கள், சூழல் அமைப்புகள் ஆகியவை நெடுங்காலம் மோதி, பேசி, 2006-இல் ஓர் உடன்பாட்டை அறிவித்தன. 2016-இல் அது வலுப்படுத்தப்பட்டு, காட்டின் 85 சதவீதம் தொழில்முறை மரவெட்டலிலிருந்து விலக்கப்பட்டது. இடையில் 2007-இல், அரசுகளும் தனியார் நன்கொடையாளர்களும் சேர்ந்து 12 கோடி கனடா டாலரைத் திரட்டினார்கள். அதில் ஒரு பாதி பழங்குடி மக்களின் தொழில் முயற்சிகளுக்கும், மறுபாதி நிரந்தர வைப்புநிதியாகவும் ஒதுக்கப்பட்டது. அந்த வைப்புநிதியின் வருமானம் பழங்குடி சமூகங்களின் நிலப் பராமரிப்புப் பணிகளுக்குப் போகிறது; அவர்களுடைய காவலர்கள் படகுகளில் கரையோரம் சென்று, சால்மன் ஏறும் ஓடைகளையும் நண்டுப் பிடிப்பையும் சட்டவிரோத வேட்டையையும் கண்காணித்துப் பதிவு செய்கிறார்கள். தலைநகரத்தில் தேர்தல் முடிவு எப்படி வந்தாலும் வைப்புநிதியின் வட்டி வந்துகொண்டிருக்கும். வேறெங்காவது புதிதாக ஒரு நிலப்பரப்புக் கூட்டமைப்பு அறிவிக்கப்படும்போது நான் முதலில் தேடுவது அதன் வரைபடத்தை அன்று, ஒருங்கிணைப்பாளரின் ஐந்தாம் ஆண்டுச் சம்பளம் எங்கிருந்து வரும் என்ற பத்தியைத்தான். பெரும்பாலான அறிவிப்புகளில் அந்தப் பத்தி இன்னும் இருப்பதில்லை.